படபடப்பும் பத்தியமும்

நண்பர் ஒருவர் வீட்டில் மூடியில் ரோஜாப்பூப் படம் போட்ட பழைய பிஸ்கட் டப்பா ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் பொத்தான்களும் நூற்கண்டும் ஊசிகளும் கிடந்த அந்தத் தகர டப்பாவைச் சென்ற கார்த்திகை மாதத்தில் நான் திறந்து பார்த்தபோது, உள்ளே இருந்தவை வேறு. எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம் மாத்திரை அட்டை ஒன்று, அதிலிருந்து எடுத்துப் பாதியாக உடைத்த துண்டுகள் நான்கு, காகிதத்தில் மடித்தபடி, மீன் எண்ணெய்க் குளிகைகள் ஒரு புட்டி, மெக்னீசியம் ஒரு புட்டி, வாரத்துக்கு ஒன்றாக விழுங்கும் வைட்டமின் டி, அமுக்கரா மாத்திரை, மருமகன் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்த, 5-ஹெச்.டி.பி. என்று மேலே எழுதிய புட்டி. இவற்றோடு, காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்ளும் கேஸ் மாத்திரை. நண்பர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணிதம் போதித்து ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். கூட்டலில் ஒரு நாளும் பிசகாதவர். ஆயினும் இந்தக் கூட்டலின் விடை என்ன என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. “படபடப்புக்கு டாக்டர் கொடுத்தது ஒன்றுதான் சார். மற்றதெல்லாம் இயற்கை, அது என்ன செய்துவிடப் போகிறது?” என்றார். காபி டம்ளரை வைக்க வந்த அவர் மனைவி, “நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கண்ணே. எது எப்போ யார் கொடுத்ததுன்னு அவங்களுக்கே மறந்துபோச்சு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்த அம்மாள் என்னிடம் ஒப்படைத்த காரியத்துக்கு நான் முழுத் தகுதி உடையவன் அல்லன். வைத்தியம் படித்தவன் அல்லன். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் இதே படபடப்புக்காக இதே ஜாதி மாத்திரையை ஒன்றரை ஆண்டு விழுங்கியவன் என்ற அளவிலும், அந்நாளில் தொடங்கிய வாசிப்பை இன்னும் விடாதவன் என்ற அளவிலும், இந்த விஷயத்தைப் பற்றி உலகம் இதுவரை அறிந்துகொண்டதை ஓரளவு தொகுத்துச் சொல்லலாம் என்று துணிகிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பதற்றத்தால் அவதிப்படுகிறவன் பெரும்பாலும் இருதய வைத்தியரிடம் போய், ஈ.சி.ஜி. எடுத்து, எக்கோ எடுத்து, ‘எல்லாம் நார்மல்’ என்ற சீட்டோடு வீடு திரும்பி, மறு வாரம் நெஞ்சை அடைக்கிறது என்று இன்னொருவரிடம் போய், பிறகு வயிற்றைக் கலக்குகிறது என்று மூன்றாமவரிடம் போய், கடைசியில்தான் மனநல மருத்துவரிடம் வந்து சேருகிறான். அங்கே எழுதிக் கொடுக்கப்பட்ட மாத்திரையின் பெயரைக் கைப்பேசியில் தட்டிப் பார்த்தால் ‘மனச்சோர்வுக்கான மருந்து’ என்று வருகிறது. ‘எனக்குச் சோர்வே இல்லையே, பயம்தானே இருக்கிறது, மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ?’ என்ற புதுப் பயம் அந்த இடத்தில் முளைக்கிறது. சோர்வுக்கென்று வந்த மருந்து அச்சத்துக்கும் உரியதானதற்கு ஒரு விருத்தாந்தம் உண்டு.

இந்த வகை மருந்துகளில் முதலில் வந்தவை யோசித்துச் செய்யப்பட்டவை அல்ல. அவை தற்செயலின் கொடை. 1952ஆம் ஆண்டு நியூயார்க் நகரைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவில், ஸீ வியூ என்னும் காசநோய் மருத்துவமனையில், ஐப்ரோனையசிட் என்ற புது மருந்தைக் கொடுத்தபோது, இருமலோடு படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து நடமாடிச் சிரித்துப் பேசத் தலைப்பட்டார்கள். அந்த உற்சாகத்தைப் பக்க விளைவு என்று ஒதுக்காமல் கவனித்ததன் பயனாக, 1957இல் நேதன் கிளைன் என்ற மருத்துவர் அதைச் சோர்வுக்குரிய மருந்தாக அறிவித்தார். ஏறத்தாழ அதே காலத்தில், சுவிட்சர்லாந்தில் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் உள்ள மூன்ஸ்டர்லிங்கன் மனநல விடுதியில், ரோலண்ட் கூன் என்பவர் சித்தப்பிரமைக்கென்று வந்து பயன்படாமற்போன இமிப்பிரமினைச் சோர்வுற்றவர்களுக்குக் கொடுத்துப் பார்த்துப் பலன் கண்டார். நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேருக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அதன் குணத்தை எழுதி வெளியிட்டார்கள். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் வக்கீல் அதை இரத்தக் கொதிப்புக்குப் பிரயோகித்த அனுபவத்தை ஆங்கில நாட்டுப் பத்திரிகையில் எழுதினார். பின்னர் அதிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்ப்பினை உண்டவர்களில் சிலருக்குக் காரணமில்லாத துக்கம் வந்ததைக் கண்டுதான், மூளையின் இரசாயனத்துக்கும் மனத்தின் சஞ்சலத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்ற கொள்கையே வலுப்பெற்றது. இயற்கை மூலிகை ஒன்றும் செய்யாது என்கிறவர்களுக்கு இந்த வேரின் சரித்திரம் ஒன்றே போதும்.

அச்சத்துக்கு இமிப்பிரமின் உதவும் என்று கண்டவர் நியூயார்க்கின் ஹில்சைடு மருத்துவமனையில் இருந்த டொனால்ட் கிளைன். நேதன் கிளைன் வேறு, இவர் வேறு. இவருடைய விடுதியில், செத்துப்போகப் போகிறேன் என்று அலறிக்கொண்டு நாளுக்குப் பல தடவை செவிலியரின் மேசைக்கு ஓடிவரும் நோயாளி ஒருவர் இருந்தார். அவருக்கு இமிப்பிரமின் கொடுக்கப்பட்டது. மூன்று வாரம் கழிந்தது. நோயாளியைக் கேட்டால் குணம் ஒன்றும் இல்லை என்றார். சிகிச்சை செய்தவருக்கும் மாற்றம் எதுவும் புலப்படவில்லை. செவிலியர்தாம், ‘அவர் இப்போதெல்லாம் எங்கள் மேசைக்கு ஓடிவருவதில்லையே’ என்றார்கள். 1960களின் தொடக்கத்தில் வெளியான இந்த அவதானத்திலிருந்துதான், திடீரென்று வரும் பீதியை ஒரு தனி நோயாகப் பிரித்துக் காணும் வழக்கம் ஏற்பட்டது. இன்று நாம் உண்ணும் மாத்திரைகளுக்கு முன்னோடியான ஃபுளுவாக்ஸெட்டின் 1987 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. செர்ட்ராலின், பராக்ஸெட்டின், எஸ்சிட்டலோபிராம் முதலியவை அதைத் தொடர்ந்து வந்தன.

மூன்று வாரம் என்ற அந்தக் கணக்கைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தலைவலி மாத்திரை அரை மணியில் வேலை செய்கிறது. தூக்க மாத்திரை அன்றிரவே வேலை செய்கிறது. இந்த மாத்திரையோ இரண்டு வாரம் முதல் ஆறு வாரம் வரை காத்திரு என்கிறது. உலகத்தில் காத்திருக்கவே முடியாத ஒரு ஜீவன் உண்டென்றால் அது பதற்றமுற்ற மனிதன். அவனிடம் போய்ப் பொறுமையைக் கேட்கும் மருந்து இது. போதாக்குறைக்கு, முதல் பத்து நாள்களில் இருக்கிற படபடப்பு இன்னும் கூடுவது சகஜம். இந்த மாத்திரை கூட்டும் செரட்டோனின் என்ற பொருளில் பெரும்பகுதி மூளையில் அன்று, குடலில்தான் இருக்கிறது; ஆகையால் குமட்டல், வயிற்றுப்போக்கு, பசியின்மை முதலில் வருகின்றன; கை நடுங்குகிறது; தூக்கம் கெடுகிறது. மருத்துவர்கள் இதை அறிந்தே, எஸ்சிட்டலோபிராமை 5 மில்லிகிராமில், அதாவது அரை மாத்திரையில் தொடங்குகிறார்கள். நண்பரின் டப்பாவில் கண்ட துண்டுகளின் காரணம் அதுவே. ஆனால் அவர் அந்த அரையையும் நான்கு நாள் விழுங்கிவிட்டு, ‘சூடு பண்ணுகிறது’ என்று நிறுத்தி, பிறகு பயந்து மறுபடி தொடங்கியிருந்தார். இப்படி விட்டு விட்டு உண்பவன் முதல் வாரத்தின் துன்பத்தைத் திரும்பத் திரும்ப அனுபவிக்கிறானே தவிர, நான்காம் வாரத்தின் நன்மையை அடைவதே இல்லை.

இளவயதினர் விஷயத்தில் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். சிகிச்சையின் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் அதிகரிக்கக்கூடும் என்ற கறுப்புக் கட்ட எச்சரிக்கையை அமெரிக்க அரசு 2004இல் சிறுவர்களுக்கென்று விதித்து, 2007இல் 24 வயது வரை உள்ளவர்களுக்கு நீட்டியது. முதல் வாரங்களில் வீட்டில் ஒருவர் கண்காணிப்பாக இருப்பதும், அப்படி ஓர் எண்ணம் வந்தால் மருத்துவரிடம் அன்றே சொல்வதும், அகாலத்தில் மருத்துவர் கிடைக்காவிட்டால் மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி எண்ணாகிய 14416ஐ அழைப்பதும் கட்டாயம் செய்ய வேண்டியவை.

காத்திருக்கும் காலத்தைக் கடக்க மருத்துவர்கள் சில வேளை ஒரு பாலம் போட்டுக் கொடுக்கிறார்கள். அது அல்ப்ராசோலம், குளோனசெபாம் என்ற இனம். 1960இல் லியோ ஸ்டெர்ன்பாக் என்ற இரசாயன அறிஞரின் லிப்ரியமோடு உலகுக்கு வந்த குடும்பம். அரை மணியில் நெஞ்சை லேசாக்கும் இந்த மாத்திரையின் குணமே அதன் தோஷமும் ஆகிறது. சில வாரங்களில் உடல் அதற்குப் பழகிவிடுகிறது. நிறுத்தினால் பழைய படபடப்பு வட்டியோடு திரும்புகிறது. காத்திருக்க வைக்கும் மாத்திரையையும் இதையும் ஒரே மாத்திரையாகச் சேர்த்து விற்கும் வழக்கம் நம் நாட்டில் பெருகியிருப்பதை நான் நல்ல வழக்கமாக எண்ணவில்லை. பாலத்தைக் கடந்த பிறகு ஆற்றை விட்டு விலகிப் போக வேண்டும். பாலமும் கரையும் ஒன்றாக ஒட்டியிருந்தால் எப்படி விலகுவது? எச்1 பட்டியல் என்று 2014 மார்ச் முதல் நடப்பில் உள்ள விதியின்படி, அல்ப்ராசோலம் விற்கும் மருந்துக் கடைக்காரர் நோயாளி பெயரையும் மருத்துவர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

இந்த மருந்துகள் மெய்யாகவே பலன் தருகின்றனவா என்ற தர்க்கம் இன்னும் ஓயவில்லை. மூளையில் செரட்டோனின் குறைந்துவிட்டது, மாத்திரை அதை நிரப்புகிறது என்ற எளிய விளக்கத்துக்குப் போதிய பிரமாணம் இல்லை என்று ஜோயன்னா மான்கிரீஃப் முதலியோர் 2022இல் எழுதிய கட்டுரை பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. விளக்கம் தவறாக இருக்கலாம். அதனால் மருந்து பயனற்றது என்று ஆகிவிடாது. சோர்வு நோயில் 21 மருந்துகளைப் பற்றிய 522 பரீட்சைகளை, 1,16,477 பேரின் விவரங்களோடு தொகுத்து 2018இல் சிப்ரியானியும் துணைவரும் வெளியிட்ட ஆய்வு, அவை அனைத்துமே வெற்று மாத்திரையைவிட மேலானவை என்று காட்டியது. ஆயினும் அந்த மேன்மை அற்புதம் என்று சொல்லும்படி பெரிதன்று. நடுத்தரமான உதவியைத் தரும் நடுத்தரமான மருந்து என்று கொள்வதே நியாயம். அற்புதத்தை எதிர்பார்த்தவன் ஏமாந்து, அடுத்த புட்டியைத் தேடிப் போகிறான்.

இனி அந்தப் புட்டிகளைப் பார்ப்போம். ‘மூலிகைக்குப் பக்க விளைவு கிடையாது’ என்று இன்று விளம்பரம் செய்கிறவர்கள் நம் வைத்திய மரபை அறிந்தவர்கள் ஆகமாட்டார்கள். எங்கள் ஊர்ச் சித்த வைத்தியர் ஒரு செந்தூரம் கொடுத்தால், அதைத் தேனில் குழைப்பதா, நெய்யில் குழைப்பதா, வெந்நீரோடா என்று அனுபானம் சொல்லாமல் அனுப்பமாட்டார். புளியைக் குறை, கத்தரிக்காயைத் தள்ளு, அகத்திக்கீரையை மட்டும் தொடவே தொடாதே, அது மருந்தை முறித்துவிடும் என்று பத்தியம் விதிப்பார். ஒரு பொருள் மற்றொரு பொருளின் வீரியத்தைக் கூட்டும், குறைக்கும், முறிக்கும் என்ற ஞானம் அந்தச் சொற்களிலேயே அடங்கியிருக்கிறது. அவர் பேரப்பிள்ளைகளாகிய நாமோ மூலிகையை எடுத்துக்கொண்டு பத்தியத்தை விட்டுவிட்டோம்.

ஆங்கில மருந்துக்கும் பத்தியம் உண்டு என்பது 1963இல் வெட்டவெளிச்சமாயிற்று. ஐப்ரோனையசிட் வகை மருந்து உண்டவர்களுக்குத் திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலியும் இரத்தக் கொதிப்பும் ஏன் வருகின்றன என்று லண்டனில் பாரி பிளாக்வெல் என்ற இளம் மருத்துவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். நாட்டிங்ஹாமைச் சேர்ந்த மருந்துக்கடைக்காரர் ஒருவர், தம் மனைவிக்குப் பாலாடைக்கட்டி தின்ற போதெல்லாம் இது வருகிறது என்று எழுதிய கடிதம் துப்புக் கொடுத்தது. நாட்பட்ட பாலாடைக்கட்டியில் உள்ள டைரமினைச் செரிக்கும் நொதியை அந்த மருந்து முடக்கிவிடுகிறது என்பது தெரிந்தது. இன்றைய மாத்திரைகளுக்கு இந்தப் பத்தியம் இல்லை; வேறு பத்தியங்கள் உண்டு.

அவற்றில் தலையாயது, செரட்டோனினைக் கூட்டும் இரண்டு பொருள்களை ஒன்றாக உண்ணாதிருத்தல். 5-ஹெச்.டி.பி. என்பது உடலில் செரட்டோனினாகவே மாறும் பொருள்; மேற்கு ஆப்பிரிக்கச் செடி ஒன்றின் விதையிலிருந்து எடுக்கப்படுகிறது. அதன் மூலப்பொருளான டிரிப்டோபேனையும் புட்டியில் விற்கிறார்கள். மஞ்சள் பூப்பூக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற ஐரோப்பிய மூலிகையும் இதே வழியில் வேலை செய்வதே. இவற்றை எஸ்சிட்டலோபிராமோடு சேர்த்தால், உடம்பு வியர்த்துக் கொட்டுதல், தசை துடித்தல், முழங்காலில் தட்டினால் கால் தெறித்து எழுதல், காய்ச்சல், பிதற்றல் என்று படிப்படியாக முற்றும் செரட்டோனின் மிகைநோய் வரலாம். தொடக்கத்தில் அது படபடப்பைப் போலவே இருக்கும் என்பதுதான் இதிலுள்ள கொடுமை. பதற்றம் கூடிவிட்டது என்று எண்ணி, எதனால் கூடியதோ அதையே இன்னும் ஒன்று விழுங்குவான். 1984இல் நியூயார்க்கில் லிப்பி சயன் என்ற 18 வயது மாணவி இறந்ததற்கு, அவர் உண்டுவந்த பழைய வகை மனச்சோர்வு மருந்தோடு பெத்திடின் ஊசி சேர்ந்ததே காரணம் என்று பெரிதும் கருதப்பட்டது. வலிக்குக் கொடுக்கும் டிரமடால், வறட்டு இருமல் சிரப்பில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், காசநோய் மருந்துக்கு அடங்காதபோது தரும் லினிசோலிட் ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேர்ந்தவை. கடையில் போய் ‘இருமலுக்கு ஒரு சிரப் கொடுங்க’ என்று கேட்கும் முன், உண்ணும் மாத்திரையின் பெயரைச் சொல்லிவிட வேண்டும்.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டுக்கு இன்னொரு குணம் உண்டு; அது நம் அகத்தியின் வேலையைச் செய்கிறது. கல்லீரலின் நொதிகளைத் தூண்டிவிட்டு, மற்ற மருந்துகளை வேகமாகச் சிதைத்து வெளியேற்றிவிடும். சூரிச்சில் மாற்று இருதயம் பொருத்தப்பட்ட இருவர் இந்த மூலிகையை உண்டதால் சைக்ளோஸ்போரின் என்ற காப்பு மருந்தின் அளவு இரத்தத்தில் சரிந்து, உடல் புது இருதயத்தை நிராகரிக்கத் தொடங்கிய செய்தி 2000இல் வெளியாயிற்று. கருத்தடை மாத்திரையையும் இது பலவீனமாக்கும்.

டிரிப்டோபேனின் சரித்திரம் வேறு வகையான பாடம். 1989இன் பிற்பகுதியில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், தாங்க முடியாத தசைவலியோடு சிலர் மருத்துவரிடம் வந்தார்கள். அவர்கள் அனைவருமே டிரிப்டோபேன் உண்டவர்கள். தேசமெங்கும் 1,500க்கு மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டு, முப்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் ஒரே ஜப்பானிய நிறுவனத்தின் சரக்கே காரணம் என்று பின்னர் தெரிந்தது. பொருள் நல்லதாக இருந்தாலும், புட்டிக்குள் அந்தப் பொருள்தான் இருக்கிறதா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்ற உலோகங்கள் இருந்தன என்று 2004இல் ஒரு ஆய்வு சொன்னது. எல்லா மருந்தும் அப்படி என்பதன்று. எது அப்படி என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது.

அமுக்கராவை நான் எளிதில் தள்ளிவிடமாட்டேன். ஐதராபாத்தில் 64 பேரைக் கொண்டு 60 நாள் நடத்தி 2012இல் வெளியிட்ட பரீட்சையில் அது மன அழுத்தத்தைக் குறைத்தது என்று கண்டார்கள்; பிற சிறு ஆய்வுகளும் ஏறத்தாழ அதையே சொல்கின்றன. ஆனால் அது தைராய்டு சுரப்பை உயர்த்தக்கூடும். உயர்ந்த தைராய்டின் அடையாளங்களில் ஒன்று படபடப்பு. கல்லீரல் பாதித்ததாகவும் அரிதாகச் செய்திகள் உண்டு. டென்மார்க் 2023இல் அதைத் தடை செய்துவிட்டது. தூக்கம் வரவழைக்கும் மாத்திரையோடு சேர்ந்தால் மந்தத்தைக் கூட்டும். இதைச் சொல்லும்போது என் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். சிகிச்சையில் இருந்த காலத்தில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அமுக்கராப் பொடியை இரவில் பாலில் கலந்து இரண்டு மாதம் குடித்தேன், மருத்துவரிடம் சொல்லவில்லை. கோபித்துக்கொள்வாரோ என்ற கூச்சம். பகலெல்லாம் தலை கனமாக இருப்பதை அவரிடம் முறையிட்டேன். அவர் பாவம், தாம் கொடுத்த மாத்திரையைக் குறை கூறிக்கொண்டு அதை மாற்றினார். என் பொய்யால் ஒரு நல்ல மருந்து பழியேற்றது.

அடுப்பங்கரைப் பொருள்களிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. மஞ்சளின் சத்தோடு மிளகின் காரப்பொருளாகிய பைப்பரினைச் சேர்த்தால் உடலில் ஏறும் மஞ்சள் சத்து இருபது மடங்கு கூடுகிறது என்று 1998இல் பெங்களூரில் கண்டுபிடித்தார்கள். இரசத்தில் விழும் மிளகால் ஒன்றும் வந்துவிடாது. அதே பைப்பரினைச் செறிவாக்கி மாத்திரையில் அடைத்து விற்கும்போது, அது மஞ்சளுக்கு மட்டும் கதவு திறந்துவிட்டு மற்ற மருந்துகளுக்கு மூடிக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. காபி அதைவிட முக்கியம். படபடப்புள்ளவர்கள் காபியைக் குறைக்க வேண்டும் என்பது பாட்டிக்கும் தெரியும். ஆனால் ஃபுளுவாக்ஸமின் என்ற மாத்திரையை உண்பவருக்கு, சாதாரணமாக ஐந்து மணி நேரத்தில் பாதியாகும் காஃபின், ஒரு நாளுக்கு மேலாகியும் அவ்வாறு குறையாமல் இரத்தத்தில் நிற்கும் என்பது பாட்டிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நேற்றுக் காலை குடித்த டிகிரி காபி இன்று காலைக் காபியோடு சேர்ந்துகொள்கிறது.

கேஸ் மாத்திரைக்கு வருவோம். நெஞ்சு அடைப்பதற்கெல்லாம் வாயுதான் காரணம் என்று நம்புகிற நாட்டில் அது இல்லாத வீடு இல்லை. அவ்வகையைச் சேர்ந்த ஒமிப்ரசோல், எஸ்சிட்டலோபிராம் சிதைவதைத் தாமதப்படுத்தி, இரத்தத்தில் அதன் அளவை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆக்குகிறது. கேஸ் மாத்திரைகள் சிலவற்றில் கூடவே கலந்திருக்கும் டாம்பெரிடோன், எஸ்சிட்டலோபிராமைப் போலவே இருதயத் துடிப்பின் மின்னோட்டத்தைச் சற்று நீட்டிவிடும் குணமுள்ளது; வயதானவருக்கு இரண்டும் சேருவது விரும்பத்தக்கதன்று. முழங்கால் வலிக்கு உண்ணும் வலி மாத்திரைகள் இம்மருந்தோடு சேர்ந்தால் இரைப்பையில் இரத்தம் கசியலாம். முதியவர்களுக்கு முதல் வாரங்களில் இரத்தத்தில் சோடியம் குறைந்து தள்ளாட்டமும் குழப்பமும் வருவதுண்டு. ஒரு இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். வேடிக்கையான ஒன்றும் உண்டு: பசியெடுக்க வேண்டும் என்று வாங்கிக் குடிக்கும் சிரப்பில் உள்ள சைப்ரோஹெப்டடின், செரட்டோனின் மிகைக்கு மருத்துவர்கள் கொடுக்கும் முறிவு மருந்து. மாத்திரையால் பசி போயிற்று என்று அந்தச் சிரப்பைக் குடிப்பவர், மாத்திரையின் பலனையும் அதோடு கரைத்துவிடக்கூடும்.

வைட்டமின்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரத்தத்தில் பி12 குறைந்திருந்தால், மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கும் நீரிழிவுக்கு நெடுங்காலம் மெட்ஃபார்மின் உண்பவர்களுக்கும் அது குறையக்கூடும் என்பதால், பரிசோதித்து நிரப்புவது சரி. வைட்டமின் டியும் அவ்வாறே. மீன் எண்ணெயால் பெரிய தீங்கும் இல்லை, பெரிய நன்மையும் இல்லை. மெக்னீசியம் அதிகமானால் வயிறு இளகும். ஏற்கனவே இளகிய வயிற்றோடு இருப்பவர் அதையும் மாத்திரையின் தலையில் கட்டிவிடுவார்.

விழுங்குவதற்கு அப்பால் என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு நம்பத்தகுந்த விடைகள் உண்டு. ஆஸ்திரேலிய மருத்துவர் கிளேர் வீக்ஸ் 1962இல் எழுதிய நூலில் சொன்ன மார்க்கம் எளிமையானது: பயம் வரும்போது அதை எதிர்த்துப் போராடாமல், ஓடிப்போகாமல், உடம்பைத் தளரவிட்டு அதைக் கடந்துபோகும்படி விட்டுவிடுவது. இளமையில் தாமே இருதயப் படபடப்பால் வதைபட்டவர் ஆகையால் அவர் எழுத்தில் அனுபவத்தின் உறுதி இருக்கிறது. எண்ணங்களைப் பரிசீலித்துத் திருத்தும் அறிதல்நடத்தைச் சிகிச்சை மாத்திரைக்கு நிகரான பலன் தருவது. பயிற்சி பெற்றவர்கள் சிற்றூர்களில் கிடைப்பதில்லை என்பதே குறை. 2022இல் வெளியான ஒரு பரீட்சையில், பதற்ற நோயுள்ள 276 பேரில் ஒரு பாதியினருக்கு எட்டு வாரம் தியானப் பயிற்சியும் மறு பாதியினருக்கு எஸ்சிட்டலோபிராமும் தந்து பார்த்ததில், பயிற்சி மருந்துக்குக் குறைந்ததாக இல்லை என்று கண்டார்கள். இதைக் கேட்டு மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு மூச்சுப் பயிற்சியில் இறங்குகிறவர்களும் உண்டு. அந்தப் பயிற்சி வாரம் ஒரு நாள் வகுப்பும் தினம் முக்கால் மணி அப்பியாசமும் கொண்டது என்பதையும், அதற்கும் எட்டு வாரம் காத்திருக்க வேண்டும் என்பதையும் அவர்கள் கவனிப்பதில்லை.

எனக்கு மிகவும் கடினமாக இருந்தது ஒரு சிறிய காரியம்: நாடியைப் பிடித்துப் பார்க்காமல் இருப்பது. பேருந்தில், சாப்பாட்டில், கூட்டத்தில், வலது கை இடது மணிக்கட்டைத் தேடிப்போகும்; எண்ணத் தொடங்கினால் துடிப்பு ஏறும்; ஏறியது பயத்தைக் கொடுக்கும்; பயம் துடிப்பை மேலும் ஏற்றும். மருத்துவர் சொற்படி, கை போகும் போதெல்லாம் ஐந்து நிமிஷம் தள்ளிப்போட்டுப் பழகினேன். ஐந்து நிமிஷம் கழிந்தபின் பார்க்க வேண்டிய அவசியம் பாதி நாளில் இருக்காது.

நிறுத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. குணமாகிவிட்டது என்று தோன்றியதும் நிறுத்துவது பரவலான தவறு. மருந்து தருகிற குணத்தைத் தன் சொந்தக் குணம் என்று எண்ணுவதால் வருவது. நெடுநாள் உண்டு நலமாக இருந்த 478 பேரைக் கொண்டு இங்கிலாந்தில் நடத்தி 2021இல் வெளியிட்ட பரீட்சையில், மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 39 சதவீதத்தினருக்கும், படிப்படியாக நிறுத்தியவர்களில் 56 சதவீதத்தினருக்கும் ஓராண்டுக்குள் சோர்வு நோய் திரும்பிற்று. நிறுத்தியவர்களில் நூற்றுக்கு நாற்பத்துநான்கு பேர் நலமாகவே இருந்தார்கள் என்றும் இதைப் படிக்கலாம், அவரவர் சித்தம். நிறுத்துவதானால் மாதக்கணக்கில், மருத்துவர் சொற்படி இறங்க வேண்டும். கடைசிப் படிகளில் இன்னும் மெதுவாக, ஏனெனில் சிறிய அளவிலும் இம்மருந்தின் பிடி பெரிது. அவசரமாக விட்டால் தலை சுற்றும், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தாற்போல ஒரு வெட்டு வெட்டும், பழைய பயமும் வரும். அது நோயா, மருந்து விட்ட வாட்டமா என்று பிரித்தறிவது கடினம்.

நண்பரிடம் நான் இவ்வளவையும் சொல்லவில்லை. டப்பாவில் உள்ளவற்றின் பெயர், அளவு, தொடங்கிய தேதி மூன்றையும் எழுதித் தாருங்கள் என்று மட்டும் கேட்டேன். தினசரிக் காலண்டர் தாளின் பின்புறத்தில், மதிப்பெண் பட்டியலுக்குக் கோடு போடுவதுபோல் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு எழுதினார். ஏழாவது வரிசை எழுதும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனோம். அவர் கோபிக்கவில்லை. 5-ஹெச்.டி.பி.யை உடனே அடித்தார். அமுக்கராவையும் மெக்னீசியத்தையும் அடித்தார். கேஸ் மாத்திரைக்கு வேறொன்று எழுதினார். வைட்டமின் டியை விட்டுவைத்தார். அரை மாத்திரையைப் பத்து நாள் விடாமல் உண்டபின் முழுதாக்கிக்கொள்ளச் சொன்னார். வழியெல்லாம் நண்பருக்கு அமுக்கரா போன வருத்தந்தான்.

தை மாதக் கடைசியில் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். எப்படி இருக்கிறது என்றேன். “பெரிசா ஒண்ணும் மாற்றம் தெரியலை சார், அப்படியேதான் இருக்கு” என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். நாளுக்கு ஏழெட்டுத் தடவை அவர் கையில் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கருவி. “இதுல பாட்டரி தீர்ந்து பன்னிரண்டு நாளாச்சுண்ணே, அவங்க இன்னும் கவனிக்கலை” என்றார்.